கராஜ் கதவும் காணாமல் போன மூன்று பட்டன்களும்

போன வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நான் என் வீட்டு கராஜ் வாசலில் நிற்கவில்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் செய்திதான். அதற்கு முந்தைய ஏழு வாரங்களாக, ஓவர்டைம் நாட்கள் தவிர வேலை நாள் ஒன்று விடாமல், மூன்று மணிக்கு நான் அங்கேதான் நின்றேன். மழையிலும் நின்றேன். டென்மார்க்கில் எங்கள் சில்க்போர்க் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஏன் நின்றேன்? என் மனைவி யோகா வேலை முடிந்து காரில் வருவார். கதவைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன்... அவ்வளவு இல்லை.

யோகாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வலது கால் சமதரையில் நடக்கும். படி என்றால் அடம்பிடிக்கும். எங்கள் வீட்டு முன்வாசலுக்கு ஐந்து படி. ஆனால் கராஜுக்குள் இருந்து குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, நேரே ஒரு கதவு இருக்கிறது. படி இல்லை. ஆகவே கார் கராஜுக்குள் போனால்தான் யோகா தனியாக வீட்டுக்குள் போகலாம். கார் வெளியே நின்றால் அவரும் வெளியேதான்.

ஸ்டியரிங்கில் இடது கைக்கு ஒரு குமிழ், இடது காலுக்கு ஒரு பெடல் — அப்படிப் பழகி, டொக்டரிடம் போய், மறுபடியும் காரை ஓடிக்காட்டி லைசன்ஸைத் திரும்ப வாங்கினார். தான் முன்பு வேலை செய்த அதே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கே, ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் என்று கொமூன் என்ற நகரசபை ஒழுங்குபண்ணிய ஃப்ளெக்ஸ்ஜொப் என்ற குறைநேர வேலைக்குத் தானே கார் ஓடிப் போனார். முதல் நாள் தனியே போய்த் தனியே திரும்பி வந்து கார்ச் சாவியை மேசையில் வைத்த சத்தம் இருக்கிறதே... அதை நான் கோயில் மணி மாதிரிக் கேட்டேன்.

பழைய காரில் ஒரு வசதி இருந்தது. ஓட்டுபவரின் தலைக்கு மேலே வெயிலை மறைக்க இறக்கும் தட்டி உண்டல்லவா? அதில் மூன்று பட்டன்கள். முதலாவதை அழுத்தினால் கராஜ் திறக்கும். காரோடு பிறந்த பட்டன். வாங்கிய காலத்தில் நான் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. கதவோடு வந்த ரிமோட்டைக்கூட 'பத்திரமாக' வைத்துவிட்டேன். நம்மவர் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்தால் என்ன நடக்கும்? அது பிறகு ஒருவர் கண்ணிலும் படாது.

வசந்தகாலத்தில் பழைய கார் சோதனையில் தேறவில்லை. அடிப்பக்கம் முழுக்கத் துரு. மின்சாரத்தில் ஓடும் புதுக் கார் ஒன்று வாங்கினோம். கார் பார்க்க வந்த சிவம் அண்ணை, இரண்டு தெரு தள்ளி இருப்பவர், உள்ளே ஏறி இருந்து அந்தப் பெரிய திரையைப் பார்த்தார்.

"தம்பி, இது கார் இல்லை. ரீவிக்குச் சில்லு பூட்டி வைச்சிருக்கிறாங்கள்."

உண்மைதான். கதிரை முதுகு பிடித்துவிடும். ஸ்டியரிங் சூடாகும். பாதையில் மான் நின்றால் கார் சொல்லும். கராஜ் திறக்கும் பட்டன் மட்டும் இல்லை. விற்ற பெடியனைக் கேட்டேன். இப்போதைய கார்களில் அது வருவது குறைவு, பெரிதாக யாரும் பாவிப்பதில்லை, ஃபோனில் ஒரு அப் போட்டால் போதும் என்றான்.

யாரும் பாவிப்பதில்லை... அந்த 'யாரும்' என்கிற கணக்கை எடுத்தவர், ஸ்டியரிங்கில் இருக்கும் ஒரே நல்ல கையை எடுத்து ஃபோனைத் தடவ முடியாத ஒருவரைச் சந்தித்திருப்பாரா?

கராஜ் கதவு ஆளைக் கூப்பிட்டேன். அவர் மோட்டாரை அண்ணாந்து பார்த்தார். இந்த வகைக்கு இப்போது ரிமோட் செய்வதில்லை, கதவோடு எல்லாம் மாற்ற வேண்டும், கோடை முடியட்டும் என்றார்.

சரி, கோடை முடியும்வரை நான் இருக்கிறேனே! காலை ஷிஃப்ட் எனக்கு இரண்டு மணிக்கு முடியும். மூன்றுக்கு வாசலில் நிற்பேன். யோகாவின் கார் முடக்கில் தெரிந்ததும் உள்ளே ஓடிச் சுவரிலிருக்கும் பட்டனை அழுத்துவேன். எவ்வளவு நல்ல புருஷன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அயலவர்களும் மெச்சினார்கள். நான் ஓவர்டைம் இருந்தால் சிவம் அண்ணை வருவார். அவரிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. உதவி என்றால் நம்மவர் அப்படித்தான், கேட்கும் முன்னமே வாசலில் நிற்போம்.

ஒருநாள் யோகா காரை உள்ளே விட்டார். இறங்கவில்லை.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது."

"சொல்லும்."

"நீங்கள் வாசல்ல நிக்கேக்க எனக்கு வீட்டுக்கு வாற மாதிரிக் கிடக்கேல்லை. பள்ளிக்கூடத்தால பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"நான் உமக்கு உதவிதானே செய்யிறன்."

"ஓம், உதவிதான். நான் இண்டைக்கு வேலை முடிய லைப்ரரிக்குப் போகவேணும் எண்டு நினைச்சன். நீங்கள் மழைக்குள்ள நிப்பியள் எண்டு நேர வந்திட்டன். பிறகு நான் லைசன்ஸ் எடுத்தது எதுக்கு?"

ஓகூஸ் நகரில் இருக்கும் மகளுக்கு ஃபோன் எடுத்து முறையிட்டேன். அவள் டேனிஷில், அம்மாவை அம்மாவின் பாட்டுக்கு விடுங்கள் என்றாள். விடலாம். கதவை யார் திறப்பது?

அடுத்த நாளும் மூன்று மணிக்கு நின்றேன். வேறு என்ன செய்வது?

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். மகள் புது வீட்டுச் சுவரில் புத்தக ராக்கை பூட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாள். லீவு போட்டு ஓகூஸ் போனேன், இரண்டரைக்கு வீட்டில் இருக்கலாம் என்ற கணக்கில். ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கொட்டும் மழை. மணி இரண்டு ஐம்பது. யோகாவுக்கு ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. கார் ஓடிக்கொண்டிருப்பார். அந்த ஐந்து படியும் ஈரமாக என் கண்ணுக்குள் வந்து நின்றன. சிவம் அண்ணைக்கு அடித்தேன்.

"அண்ணை, ஓடிப்போய்க் கராஜைத் திறந்துவிடுங்கோ. நான் ரயிலுக்குள்ள மாட்டுப்பட்டிட்டன்."

"பயப்பிடாதை, வெளிக்கிட்டிட்டன்."

பத்து நிமிடம். ரயில் அசையவில்லை. ஃபோன் அடித்தது.

"தம்பி..."

"என்னண்ணை, விழுந்திட்டாவோ?"

"ஆர் விழுந்தது? நான் குடையோட உங்கட வாசலுக்கு வாறன், யோகாவும் வாறா. சாவியைத் தேடுறன், கதவு தன்பாட்டில மேல போகுது. கார் உள்ள போச்சு. கதவு இறங்கிட்டுது. நான் வெளியில மழைக்குள்ள நிக்கிறன். உன்ர மனிசி என்னை வெளியில விட்டுப் பூட்டிப்போட்டா."

ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். யோகாவும் சிவம் அண்ணையும் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். யோகாவின் முகம், பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும் முன்பே பாஸ் என்று தெரிந்தவரின் முகம்.

"போய்ப் பாருங்கோ. ட்ரைவர் பக்கத்துக் கதவுப் பைக்குள்ள."

பார்த்தேன். இடது கை தானாக விழும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதன்மேல் மூன்று பட்டன்கள். அதே மூன்று.

பழைய காரை உடைக்கும் இடத்துக்குக் கொடுத்த அன்று நான் என்னவெல்லாம் கழற்றினேன் தெரியுமா? டாஷ்போர்டுப் பிள்ளையார், கால்மிதிகள், பனி சுரண்டும் தகடு, கண்ணாடி கழுவும் பாதிப் போத்தல் தண்ணீர், முன்னால் கட்டித் தொங்கிய காய்ந்த எலுமிச்சங்காய்... ஒன்று விடவில்லை. தேவையான ஒன்றை மட்டும் தட்டியோடு விட்டுவிட்டு வந்தேன்.

யோகா விடவில்லை. தானே அங்கே ஃபோன் எடுத்துக் கேட்டிருக்கிறார். கார் இன்னும் நசுக்கப்படாமல் வரிசையில் நிற்கிறது என்றார்களாம். ஒருநாள் வேலைக்கு முன்பு தானே கார் ஓடிப் போயிருக்கிறார். அங்கிருந்தவர் தட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்து, இதை எந்தக் காருக்குப் பூட்டப் போகிறீர்கள் என்று கேட்டாராம்.

"காருக்கு இல்லை, வீட்டுக்குப் போக எண்டு சொன்னன்."

தொழிற்சாலையில் இடைவேளை நேரங்களில், பட்டன் துண்டை மட்டும் பிரித்தெடுத்து, காரில் கிடைக்கும் அதே பன்னிரண்டு வோல்ட் வரும்படி எட்டுச் சின்னப் பற்றரிகளை ஒரு பெட்டிக்குள் அடுக்கி, வயரை ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார். ஒரு கையால். வயரைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி.

"கூட வேலை செய்யிறவை ஒருத்தரும் உதவேல்லையோ?" என்று கேட்டேன்.

"கேட்டவை. வேண்டாம் எண்டிட்டன். நாலுதரம் பிழைச்சுது. அஞ்சாந்தரம் லைற் பத்தினது."

பழைய பட்டனுக்குக் கதவின் அடையாளம் மறக்கவில்லை. அழுத்தியதும் திறந்திருக்கிறது.

சிவம் அண்ணை பட்டனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பிள்ளை, அந்தப் பெரிய கொம்பனிக்காரர் மறந்துபோனதை நீ சோத்துப் பெட்டி அளவில செய்துபோட்டாய்" என்றார். அவர் ஒருவரைப் புகழ்ந்து நான் இதுவரை கேட்டதில்லை.

எனக்கு அன்று எப்படி இருந்தது? பெருமை என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு சின்னக் கூச்சமும் இருந்தது. கார் செய்தவர்கள் பட்டனைத்தான் எடுத்தார்கள். அந்த இடத்தில் என்னைப் பொருத்தி வைத்தது நான். ஒருவர் தானாகச் செய்யக்கூடியதை முந்திக்கொண்டு செய்து கொடுத்தால், அதுவும் அவரிடமிருந்து எதையோ கழற்றுவதுதான் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நான் மூன்று மணிக்கு வீட்டில் இருந்தேன். வாசலுக்குப் போகவில்லை. மூன்றரை ஆயிற்று, நான்கு ஆயிற்று. நாலேகாலுக்குக் கதவு மேலே போகும் சத்தம். யோகா இரண்டு லைப்ரரிப் புத்தகங்களோடு உள்ளே வந்தார். எங்கே போனீர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மழைக்குள் கடைக்குப் போய்த் திரும்பும்போது காரை ஓட்டியது நான். கராஜ் முன்னால் நிறுத்தி, ஆசையோடு கதவுப் பைக்குள் கையை விட்டேன். பக்கத்துச் சீற்றில் இருந்த யோகா திரும்பியும் பார்க்கவில்லை.

"அதில கை வைக்காதேங்கோ, பற்றரி முடிஞ்சு போகும். உங்களுக்கு ரெண்டு கையும் வடிவா வேலை செய்யுதுதானே? இறங்கிப்போய்த் திறவுங்கோ."

இறங்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் மழையில் நனைந்ததில்லை.