காப்டனின் கோணல் விரல்

யார் வருவார், எப்போது பசிக்கும் என்று தெரியாமலே உலை வைப்பதுதான் பங்களாச் சமையல். ஊராருக்குச் சமைத்துப் போடும் உங்களுக்கு அந்தப் பாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராஜா வருகிறார்

ஆந்திரா பிரிந்து, எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். என் ஊர் திருத்தணிப் பக்கம். வேலை திருப்பதியில், சர்க்கார் பங்களாவில். ஊர் மதராஸோடு போய்விடும் என்று பேச்சு. போய்விட்டால் அயலூர்க்காரிக்கு இங்கே அடுப்பைக் கொடுப்பார்களா? கல்யாணத்துக்கு நிற்கும் என் இரண்டு பெண்களுக்கும் அந்த அடுப்புதான் கதி.

அந்த நேரம் பார்த்து பங்களா மேஸ்திரி முனிரத்தினம் சேதி கொண்டுவந்தார். வடக்கே ராஜா வீட்டில் பிறந்தவர், நம் தேசத்துக் கிரிக்கெட் டீமுக்கே காப்டனாக இருந்தவர், சித்தூரில் ஆடிவிட்டு மலைக்குப் போக வருகிறாராம். மேஸ்திரி வேறு அடுப்படி வாசலிலேயே நின்றார். “தபாரு, மொதல்ல ராஜாவுக்கு எலை. அப்புறந்தான் மத்தவங்களுக்கு. கொறை வந்துச்சி, உன் எடத்துக்கு வேற ஆளு ரெடியா கீது.”

கைக்குத் தண்ணீர்

வந்தார். நல்ல உயரம், நெற்றியில் புரளும் சுருட்டை முடி. கார் கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கினார். பட்டு மாதிரி கையாக இருக்கும் என்று நினைத்துத்தான் செம்பைச் சாய்த்தேன். சுண்டு விரல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. பக்கத்து விரலில் நகமே இல்லை. கல் உடைக்கிறவர் கையில்கூட அப்படி நான் பார்த்ததில்லை. தண்ணீர் வழிந்து அவர் காலை நனைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

பின்னால் அவர் காரை ஓட்டிவந்த மதராஸ் டிரைவரிடம் கேட்டேன். பந்து பிடித்துப் பிடித்து உடைந்த விரல்களாம். “ராஜ்ஜியம் நைனா குட்த்தது, சர்க்காரு எட்த்துக்கிச்சி. இந்தக் கோணல் வெரலு அவரே சம்பாரிச்சதும்மா, அத்த யாரு எடுக்கறது?”

பின்கட்டு மொட்டை

மறுநாள் ராஜாவும் கூட வந்தவர்களும் மலைக்குப் போனார்கள். நான் விடிந்ததிலிருந்து சமைத்தேன். கூடத்தில் ராஜாவுக்கு இலை போட்டாயிற்று, ஆளைத்தான் காணோம். சாம்பார் ஆறுகிறதே என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒருவர் பின்வாசலில் நின்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். மலையிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் இருப்பார்கள். கூட வந்த வேலையாள் என்று நினைத்தேன். “ராஜா துன்னட்டும், அப்புறம் உனக்கு. அங்க குந்து” என்று கையைக் காட்டினேன். போய்ச் சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

முன்வாசலில் மேஸ்திரி ராஜாவைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். எனக்கோ மனசு கேட்கவில்லை. ஒரு தம்ளர் மோரை நீட்டினேன். வாங்கிய கையில் சுண்டு விரல் வளைந்திருந்தது, பக்கத்து விரலில் நகம் இல்லை. தலையைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன். அந்தச் சுருட்டை முடி அத்தனையும் சாமிக்குப் போய்விட்டது. என் அடுப்பும் போயிற்று என்று அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்குள் மேஸ்திரியும் டிரைவரும் பின்கட்டுக்கு ஓடி வந்தார்கள். “ராஜாவையா தரையில குந்த வெச்ச? இன்னிக்கே வேற ஆளப் போடறேன்!” என்று மேஸ்திரி கத்தினார். ராஜா மோரைக் குடித்து முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டிரைவர் அதை எங்களுக்குச் சொன்னார்: “ஆட்டத்துல காப்டனா இருந்தாலும் மட்டை புடிக்கத் தன் மொறை வர்ற வரிக்கும் வெளிய குந்திக்கினுதான் இருக்கணுமாம், அவருக்கு அது பழக்கமாம். இந்தம்மா சட்டத்தையும் மாத்தாதீங்க, ஆளையும் மாத்தாதீங்கன்றாரு.”

பிற்பாடு எல்லை தீர்ந்து ஊர் மதராஸுக்குப் போனது, அடுப்பு என்னிடமே நின்றது; அன்று முதல் மொட்டைத் தலையோடு யார் வந்தாலும் விரலைப் பார்த்துவிட்டுத்தான் காத்திருக்கச் சொல்கிறேன்.