பளைக்குப் போன இரண்டு பயணங்கள்

றிஸானா பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டில்கள் வரிசையாக நின்ற ஒரு முகாமில். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் அவளுடையது. வாப்பாவும் உம்மாவும் “எங்கட ஊர்” என்று கதைக்கும்போது அவளும் தலையாட்டுவாள். அவளுக்கு அது வெறும் பெயர்தான். அஸ்மினைக் கலியாணம் முடித்து, இருபத்திரண்டு வயதில் முள்ளியவளைப் பக்கம் குடிவந்தபோது எந்தப் பாதை எங்கே போகிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அஸ்மினும் புத்தளத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் அவன் சின்ன லொறியில் துணி ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்பவன். ஒரு வருடத்துக்குள் ஒழுங்கைகளெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டன. றிஸானா வீட்டிலிருந்து சட்டை தைத்தாள். மெசின், குசினி, கிணற்றடி, பிள்ளையின் பள்ளிக்கூட வாசல். பத்து வருடமாக அவள் கண்ட முல்லைத்தீவு அவ்வளவுதான்.

மகள் ஸாஜிதா மூன்றாம் வகுப்புக்கு வந்த வருடம், வயலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று படம் வரைந்து வரச் சொன்னா ரீச்சர். ஸாஜிதா கொப்பியோடு மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மழையிலையிருந்து வருது” என்றாள் றிஸானா.

“மழை இல்லாத மாதத்திலை?”

“குளத்திலையிருந்து.”

“குளத்திலையிருந்து வயலுக்கு என்னெண்டு வரும், உம்மா?”

‘வாப்பாவிட்டைக் கேள்’ என்று சொல்ல வாயெடுத்தவள், நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். “எனக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாப்பம்.”

கிட்டவே குளங்கள் இருந்தன. ஆனால் பெயர் சொல்லி அவள் அறிந்திருந்த குளம் இரணைமடு ஒன்றுதான். ஆகவே அங்கேதான் போனார்கள். ஐந்து வயது மகன் றம்சீனை மடியில் வைத்துக்கொண்டு மாங்குளத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இரணைமடுச் சந்திக்கு இன்னொரு பஸ், பிறகு ஓட்டோ. ஆவணி மாதம். கடல்போல இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிவந்த குளத்தில் தண்ணீர் வற்றித் தூரத்தில் கிடந்தது. றம்சீனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அணைக்கட்டில் சைக்கிளோடு நின்ற நீர்ப்பாசன ஊழியர் ஒருவர், வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசைக் காட்டி, கதவை எப்படித் தூக்குவது, எப்படி இறக்குவது என்று சொன்னார்.

“இந்தக் குளம் ஆருடையது?” என்று றம்சீன் அவரைக் கேட்டான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ரை, தம்பி” என்றார்.

ஸாஜிதா அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே றிஸானா முடிவெடுத்துவிட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்ப்பது. அதற்கு ஒரு விதியும் வைத்தாள்: ஒவ்வொரு பயணத்திலும் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டு, பதிலை எழுதிவர வேண்டும். எழுதத் தெரியாத றம்சீன் படம் கீறலாம். அஸ்மினுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. “நீங்கள் போட்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தார்கள். பூவரசங்குளத்தில் அஸ்மினின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போய் மாடு கன்று போட்டதைப் பார்த்தார்கள். ஒருமுறை நெல்லுக் குத்தும் மில்லைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போனால், மில் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூட்டுவார்கள் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. மில் வாசலில், சிந்திக் கிடந்த நெல்மணிகளை எறும்புகள் இழுத்துப் போவதை ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். இன்றைக்கும் றம்சீன் அதைத்தான் நல்ல பயணம் என்கிறான்.

தை மாதம் பளைக்குப் போனார்கள். காற்றில் கரண்ட் எடுக்கும் பெரிய காற்றாடிகளைப் பார்ப்பது ஒன்று, பிள்ளைகளை ரயிலில் ஏற்றுவது இன்னொன்று. மாங்குளத்தில் ஏறினார்கள். இரண்டு வரிசை தள்ளி ஒரு பெண் தனியாக இருந்தா. ஸாஜிதா அவவைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பளையில் ரயில் நின்றபோது றம்சீனின் ஒரு செருப்பைக் காணவில்லை. குனிந்து தேடி எடுத்து, பையைத் தோளில் போட்டு, அவனை இழுத்துக்கொண்டு, “வா ஸாஜிதா” என்று சொல்லியபடியே றிஸானா இறங்கினாள். பின்னால் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. மகள் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால், குடையோடு ஒரு வயதான ஆள். ரயில் நகரத் தொடங்கியிருந்தது.

“ராத்தா போறா” என்றான் றம்சீன்.

நாலு எட்டு ஓடினாள். கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் அவளைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, போனைக் கையில் எடுத்தார். “பிள்ளைக்கு என்ன நிறச் சட்டை, தங்கச்சி?”

தன் கையால் தைத்த சட்டை. நிறம் மட்டும் றிஸானாவின் வாயில் வரவில்லை.

“பச்சை” என்றான் றம்சீன். “பொக்கற்றும் இருக்கு.”

அவர் கொடிகாமம் ஸ்டேஷனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே றிஸானாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“ஸாஜிதான்ரை அம்மாவோ? நான் பிரேமிளா, மிட்வைஃபா வேலை செய்யிறன். கொப்பியிலை உங்கட நம்பர் இருந்தது. மகள் என்னோடைதான் இருக்கிறா, அழேல்லை. கொடிகாமத்திலை இறங்கி நிப்பம். ஆறுதலா வாங்கோ.”

பளையிலிருந்து கொடிகாமத்துக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லை. அந்தப் பாதையில் என்ன இருந்தது என்று கேட்டால் றிஸானாவுக்கு இன்றும் சொல்லத் தெரியாது. ஸ்டேஷன் வாங்கில் இருந்தபடி ஸாஜிதா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். உம்மாவைக் கண்டதும் எழும்பிக்கூட வரவில்லை.

“உம்மா, இந்த அன்ரி பிறந்த பிள்ளையளை நிறுத்துப் பாக்கிறவா. தராசைத் தொங்கவிட்டு நிறுக்கிறதாம்.”

றிஸானா பக்கத்தில் இருந்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள். பாதித் தண்ணீர் மடியில் ஊற்றுண்டது. பிரேமிளா போத்தலை வாங்கிப் பிடித்துக்கொண்டா.

“என்ரை மகனை நான் ஒருக்காச் சந்தையிலை விட்டிட்டு வீட்டை வந்திட்டன்” என்றா. “வீட்டை வந்து மீனும் வெட்டத் தொடங்கிட்டன்.”

றிஸானாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

இரவு அஸ்மின் முழுவதையும் கேட்டான். சத்தம் போடவில்லை. மகளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி அனுப்பிவிட்டு, “இனி வேண்டாம், றிஸானா” என்றான். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. விதி வைத்தது அவள், கையை விட்டதும் அவள்.

மாசியும் பங்குனியும் ஞாயிறுகளில் வீட்டிலேயே இருந்தார்கள். பிள்ளைகள் போனில் கார்ட்டூன் பார்த்தார்கள். ஸாஜிதா எதுவும் கேட்கவில்லை, கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். அது றிஸானாவுக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஆனால் போவோம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை றிஸானாவுக்குக் காய்ச்சல். றம்சீனைப் பக்கத்து வீட்டுக் கஜனியிடம் விட்டுவிட்டு, ஸாஜிதாவை அஸ்மின் லொறியில் ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனான். பின்னேரம் வந்தவன், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து அவளுடைய கட்டிலடியில் கதிரையைப் போட்டு இருந்தான்.

“உடையார்கட்டிலை கௌசலா எண்டு ஒரு ஆள். எட்டு வருசமா என்னட்டைத்தான் துணி எடுக்கிறவா.”

“ஓம், சொல்லியிருக்கிறீங்கள்.”

“உன்ரை மகள் அவவிட்டை, நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள் எண்டு கேட்டிட்டாள். அவா எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கை ஒரு கொட்டில் நிறையக் காளான். பையளிலை மரத்தூளை அடைச்சு வளர்க்கிறா.” அவன் தேத்தண்ணியைக் குடித்தான். “எட்டு வருசம் அந்தப் படலையடியிலை நிண்டு வித்திருக்கிறன். பின்னாலை என்ன இருக்குதெண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை.”

றிஸானா போர்வையை விலக்கிக்கொண்டு எழும்பி இருந்தாள்.

“அந்தக் காத்தாடியை நீங்கள் இன்னும் பாக்கேல்லைத்தானே” என்றான். “காய்ச்சல் மாறட்டும். லொறியிலை போவம். நானும் வாறன்.”

அடுத்த மாதம் நால்வரும் முன் ஆசனத்தில் நெருங்கி இருந்துகொண்டு பளைக்குப் போனார்கள். காற்றாடிகள் நின்ற வளவுக்குள் விடமாட்டம் என்றார் காவலாளி. ஆனால் பாதையோரத்தில் நிற்கலாம், அங்கிருந்தே எல்லாம் தெரியும் என்று இடமும் காட்டினார். பாதையோரத்துக் காற்றாடி ஊதும் சத்தம் பெரிதாக இருந்தது. வெயிலில் அதன் இறக்கைகளின் நிழல் ஒன்றன்பின் ஒன்றாக மணலில் ஓடி, பாதையைக் கடந்து போயிற்று. நிழல் வரும் நேரம் பார்த்து றம்சீன் பாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஸாஜிதாவும் பாய்ந்தாள். அஸ்மின் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் பாயத் தொடங்கினான். முதல் இரண்டு தரமும் நேரம் பிழைத்தது.

றிஸானா லொறியின் பின்கதவை இறக்கி, துணிக்கட்டுகளைத் தள்ளிவைத்து, சோற்றுப் பார்சல்களை எடுத்து வைத்தாள். காற்று கடுமையாக அடித்ததால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைக்க வேண்டியிருந்தது. மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கை கழுவும்வரை அவள் அந்தக் கற்களைப் பிடித்தபடி காத்திருந்தாள்.