மூடாத தைரிஸ்டர்

என் மனைவியின் உயிர் எட்டாயிரத்துக்கு விலைபோனது. பேரம் பேசி விற்றவன் நான்தான். அன்றைக்கு அதை லாபம் என்று நினைத்தேன்.

சிரிக்காதீர்கள், இது நடந்தது. பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, தானாக அணையும் விளக்கு என்று எதிர்பார்ப்பீர்கள். அந்தச் சரக்கு என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்ட கிடங்கில், தரையெல்லாம் வெயில் விழுந்து கிடக்கும்போது நடந்தது. நம்பாதவர்களுக்கு என் மனைவியின் எக்ஸ்ரேயைக் காட்டுகிறேன்.

பழைய மெஷின் வாங்கி விற்பது என் தொழில். பேரம் பேசியே சோறு தின்ற குடும்பம். எங்கள் வீட்டுக் குழந்தைகள் முதலில் சொல்லும் வார்த்தை 'அம்மா' அல்ல, 'கட்டுப்படியாகாது'. என் மனைவி எலக்ட்ரீஷியன். நான் வாயால் ஓட்டிக் காட்டும் மெஷின்களை அவள்தான் நிஜமாக ஓட வைப்பாள்.

அந்த வாரம் ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் வந்தது. முன்னால் இரண்டு இரும்புக் கரங்களால் மூட்டை தூக்குமே, அந்த வண்டி. மூன்று டன். விற்றவரை எங்கள் வட்டாரத்தில் அரைவிலையார் என்பார்கள். முதலில் இரண்டு மடங்கு சொல்லிவிட்டுப் பாதிக்கு இறங்கி, தியாகம் செய்த முகத்தோடு நிற்பார். நான் வழக்கம்போலக் கேட்டேன்: "ஏன் விக்கறீங்க?"

"அதைக் கேக்காம எடுத்தீங்கன்னா எட்டாயிரம் குறைக்கிறேன்."

எங்கள் தொழிலில் இது புதிதல்ல. கேள்விக்கும் ஒரு விலை உண்டு. நான் வாயை மூடிக்கொண்டு கையைக் குலுக்கினேன்.

மதியம் இரண்டரை. முன் சக்கரங்களைத் தூக்கி மரக்கட்டைகளின்மேல் நிறுத்தியிருந்தோம். வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து, இடையில் இரண்டடி இடம். அந்த இடுக்கில்தான் அவள் பின்மூடியைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்தாள்.

"பெடலை மிதிங்க."

மிதித்தேன். ங்ங்ங்... என்று வண்டி முனகியது. சக்கரம் அந்தரத்தில் சுழன்றது.

"விடுங்க."

விட்டேன். சக்கரம் நிற்கவில்லை. வேகம் கூடியது.

"பிளக்கை உருவுங்க!"

சீட்டுக்கு அடியில் பேட்டரியின் பெரிய பிளக். உருவினேன். நின்றது. எனக்கு வேர்த்துவிட்டது. அவள் உள்ளிருந்து சிரித்தாள்.

"இங்க வாங்க. உங்க கூடப்பிறந்தவனைக் காட்டறேன்."

அலுமினியக் கட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட வில்லை. அதிலிருந்து மெல்லிய வெள்ளை வயர் ஒன்று.

"தைரிஸ்டர். கரண்டுக்குக் கதவு. இந்த வெள்ளை வயர்தான் கேட். இதுல சின்னதா ஒரு தட்டு தட்டினா கதவு தொறந்து முந்நூறு ஆம்பியர் பாயும். ஆனா மூடறது கேட் கையில இல்ல. தட்டினவன் வீட்டுக்குப் போயிட்டாலும் தொறந்தேதான் கிடக்கும்."

"அப்புறம் எப்பதான் மூடும்?"

"உள்ள ஓடற கரண்ட் நின்னா மூடும். உங்க வாய் மாதிரி. தொறந்து விட்டவன் தூங்கினாலும் மூடாது. கேக்கற ஆளு எழுந்து போனாத்தான்."

"சரி, வாயை விடு. வண்டிக்கு என்ன?"

"வீட்டு கரண்ட்னா நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு இறங்கும். அந்தச் சந்துல தானா மூடிக்கும். பேட்டரி மூச்சே விடாதுங்க. அதுக்குத்தான் பக்கத்துல இந்த கெபாசிட்டர். எதிர்ப்பக்கமா ஒரு உதை விட்டு மூட வைக்கும். இப்படித் தொறந்து மூடி, தொறந்து மூடித்தான் வண்டி வேகம். அந்த முனகல் அதுதான். இந்த கெபாசிட்டருக்கு உதைக்கத் தெம்பில்ல. மாத்தினா போதும், பேயும் இல்ல பிசாசும் இல்ல."

பேய் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

வெள்ளை வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, சட்டைப் பையில் செருகுவதுபோல ஓரமாகச் செருகினாள். "இனிமே யாரும் தட்ட முடியாது."

பிறகு இரண்டு மீட்டர்களைப் பூஜ்யத்தில் வைத்தாள். எவ்வளவு கரண்ட் ஓடியது என்று கூட்டிக்கொண்டே போகும் சின்ன மீட்டர்கள். பேட்டரி கேபிளில் ஒன்று, மோட்டார் கேபிளில் ஒன்று. இரண்டு வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். கொடுத்தவன் கணக்கும் வாங்கியவன் கணக்கும் இல்லாமல் நான் எதையும் நம்புவதில்லை.

நான் டிரைவர் பக்கம் வந்தேன். பின்னால் பார்க்கும் கண்ணாடி அவள் குந்தியிருந்த சுவரோரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. காலையில்தான் அதை என் உயரத்துக்குத் திருப்பியிருந்தேன். மறுபடி திருப்பினேன். பிளக்கை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன்.

கண்ணாடி மறுபடி அந்தச் சுவரோரத்தையே காட்டியது.

திருகு லூசாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சீட்டைப் பார்த்தேன். நடுவில் ஒரு பள்ளம். பழைய சீட் என்றால் பள்ளம் இருக்கும்தான். ஆனால் இந்தப் பள்ளம்... நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆழமானது. ஸ்பிரிங் மெதுவாக 'க்ரீச்' என்றது.

"ஏங்க, பிளக்கைப் போடுங்க. வோல்டேஜ் மட்டும் பாத்துக்கறேன்."

போட்டேன்.

ங்ங்ங்...

"பெடலை மிதிச்சீங்களா?"

"நான் கீழ நிக்கிறேன்மா."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கேட் வயர் இங்க தனியாத்தான் இருக்கு," என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. "சூடு ஏறினா சில சமயம் கேட் இல்லாமலேயும் தொறந்துக்கும். இருங்க, தொட்டுப் பாக்கறேன்."

...

"சில்லுன்னு இருக்குங்க."

டொப்.

வண்டி தரைக்கு இறங்கியது. கட்டைகள் சரிந்து விழவில்லை. யாரோ உருவி ஓரமாக வைத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

திசை லிவர் 'முன்னே' என்றிருந்தது. வண்டி பின்னே போனது. வேகமாக அல்ல. ஒரு விரற்கடை... இன்னொரு விரற்கடை...

"ஏங்க!"

சாவியைத் திருப்பினேன். உள்ளே 'டக்' என்று சுவிட்ச் விழுந்தது. வண்டி நிற்கவில்லை.

பிரேக்கை இரண்டு கையாலும் அழுத்தினேன். டயர் தேய்ந்த வாடை வந்தது. வண்டி நிற்கவில்லை.

"நெஞ்சுல அழுத்துதுங்க... பிளக்கு... பிளக்கை..."

இழுத்தேன். வந்துவிட்டது. முழுப் பிளக்கும் என் கையில். கேபிள் முனை வெயிலில் மின்னியது.

ங்ங்ங்...

பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவில் வெறும் காற்று. வண்டி போய்க்கொண்டேயிருந்தது.

பின்னால் ஓடினேன். தள்ளினேன். மூன்று டன்னை ஒரு மனிதன் தள்ளுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தையில்லை. அவள் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் அவள் கை மட்டும் வெளியே. அதைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கத்தப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் மூடாத வாய்.

அவள் விரல்கள் தளர்ந்தன.

நிமிர்ந்து சீட்டைப் பார்த்தேன். காலி. பள்ளம் அப்படியே இருந்தது.

"யாருப்பா நீ?"

என் குரல்தான். பேரமில்லை, தந்திரமில்லை. நிஜமாகவே தெரிய வேண்டும்போல இருந்தது.

"உன் பேரென்ன?"

முனகல் நின்றது.

பள்ளம் மெல்ல மேலெழுந்தது.

வண்டி உருண்டு முன்னே நகர்ந்து, தானாக நின்றது. தரை சமமான தரை.

விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. பிழைத்துவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அரைவிலையாருக்கு போன் போட்டேன்.

"எட்டாயிரத்தைத் திருப்பித் தந்துடறேன். இப்பக் கேக்கறேன். ஏன் வித்தீங்க?"

குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஆளு பின்னாடி நின்னான். சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல. முடிஞ்சுபோச்சு."

"பேரு?"

"தினக்கூலி ஆளுங்க. அன்னிக்குத்தான் வந்தான். பேரு யாரு கேட்டா?"

"வண்டியை ஓட்டினது யாரு?"

"அதுதாங்க... சீட்டுல யாருமே இல்ல. அதுக்கு முன்னாடி அதே இடத்துல ஒருத்தன் போயிருக்கான். அவன் பேரும் தெரியாது."

ஒரு மாதம் கழித்து, இடுப்புவரை பட்டையும் கட்டுமாக, அவள் பிடிவாதமாகக் கிடங்குக்கு வந்தாள். தைரிஸ்டரைக் கழற்றிச் சோதித்தாள். ஒரு பழுதும் இல்லை. கதவு மூடித்தான் இருந்தது. அப்புறம் இரண்டு மீட்டர்களையும் துடைத்து என் பக்கம் திருப்பினாள். அன்றைக்குப் பூஜ்யத்தில் வைத்த பிறகு யாரும் தொடாத மீட்டர்கள்.

மோட்டார் வாங்கியது: பதினேழு ஆம்பியர்-மணி.

பேட்டரி கொடுத்தது: பூஜ்யம்.

மீதிப் பதினேழை யாரோ எங்களுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கேட்டு வரவில்லை.