லேடீஸ் சீட் என்றொரு கிளாஸ்

கல்முனையில் நாங்கள் நடத்தும் மென்பொருள் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும்போது நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்பது நான்தான். வருகிறவருக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் தெரியுமா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அந்த நம்பிக்கை இன்றும் இருக்கிறது. கேள்விதான் மாறிவிட்டது.

மாற்றியவள் மருதமுனையிலிருந்து வந்த ஒரு பிள்ளை. முதலில் வரைவிலக்கணங்கள் கேட்டேன். 'பொலிமோர்பிசம்' என்றதும் தடுமாறி, மறந்துபோய்விட்டது என்று ஒப்புக்கொண்டாள். பக்கத்தில் இருந்த என் தொழில் கூட்டாளி, அடுத்தவரைக் கூப்பிடலாமே என்பது போல என்னைப் பார்த்தார்.

எதற்கும் என் வழக்கமான கேள்வியைக் கொடுத்தேன். கொழும்பு பஸ்ஸுக்கு சீட் பதியும் ஆப் ஒன்று எழுத வேண்டும். சாதாரண சீட்டுக்கு ஒரு கிளாஸ், அதாவது நிரலில் பொருள்களை வார்த்தெடுக்கும் ஓர் அச்சு; அதன் இயல்புகளை அப்படியே பெற்றுக்கொள்ளும், பெண்கள் மட்டும் பதியக்கூடிய லேடீஸ் சீட்டுக்கு இன்னொரு கிளாஸ். நான் எதிர்பார்த்த விடை அதுதான். ஒரு பஸ்காரருக்கு நாங்களே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தோம்.

அவள் தாளில் இரண்டு சீட்டை அருகருகே வரைந்தாள். இரண்டாவது கிளாஸ் தேவையில்லை என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"ஒரு சீட் லேடீஸ் சீட்டாப் பொறக்கிறல்ல, சேர். பக்கத்துச் சீட்ட ஒரு பொம்பிள புக் பண்ணினாத்தான் அப்படி ஆகுது. அவ கேன்சல் பண்ணினா, திரும்ப ஆரும் இருக்கலாம்."

உருவாக்கிய பிறகு ஒரு பொருள் தன் கிளாஸை மாற்றிக்கொள்ளாது. அதனால், பதியும் நேரத்தில் பக்கத்துச் சீட்டைப் பார்க்கும் ஒரு விதி போதும் என்று விளக்கினாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் எழுதிக் கொடுத்த ஆப்பில் எந்தப் பெண் பயணி கேன்சல் செய்தாலும் பக்கத்துச் சீட் ஆண்களுக்குப் பூட்டியே கிடக்கும். கண்டக்டர் போன் எடுப்பார், நான் கையால் திறந்துவிடுவேன். மாதக்கணக்காக அதைச் செய்தும், பிழை கிளாஸில் இருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

"ஓம், நாங்க பிழையாத்தான் எழுதி வெச்சிருக்கம்," என்றேன்.

கூட்டாளி சிரித்துவிட்டு, எப்போது வேலைக்கு வரலாம் என்று அவளிடம் கேட்டார்.

அவளுடைய முதல் வேலை அந்தக் கிளாஸை அகற்றுவது. மூன்று நாள் எடுத்தது. இடையில் டிக்கெட் அச்சாவது நின்றுபோனது. அதையும் அவளே சரிசெய்தாள். கண்டக்டரின் போன் வருவது நின்றது.

இப்போது நான் வரைவிலக்கணம் கேட்பதில்லை. எங்கள் பழைய நிரலை நீட்டி, இதில் எங்கே பிழை என்று கேட்கிறேன். அவளும் என் பக்கத்தில் இருந்து கேட்கிறாள், என்னைவிடக் கொஞ்சம் கடுமையாக.