பதினோரு நாள் மூத்தவன்

என் நண்பனிடம் பொய் சொல்லி, அவனை வேலையை விடவைத்தேன். அவன் எழுந்துபோன இடத்தில்தான் நான் இன்று கேப்டனாக உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். சூழ்நிலை என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், போட்டி என்றேன், அவன் தலையெழுத்து என்றுகூடச் சொன்னேன்... எல்லாம் புளுகு! இனிமேலும் சுற்றிவளைத்தால் எனக்கே குமட்டும். உங்களிடமாவது நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரிலிருந்து சரக்கு விமானம் ஓட்டுகிறவன் நான். மருந்து, ரோஜாப்பூ, கைப்பேசி, இயந்திர உதிரிபாகம் என்று பெட்டி பெட்டியாக ஏற்றிப்போவோம். அடுகோடியில் லேத் பட்டறைகளின் இரைச்சலுக்கு நடுவே வளர்ந்தவன் விமானி ஆனது எங்கள் தெருவுக்கே பெருமையாம். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

முரளி அத்திபெலேக்காரன். நாங்கள் இருவரும் ஒரே நாளில் துணை விமானிகளாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். எங்கள் தொழிலில் எல்லாமே சீனியாரிட்டி பட்டியல்தான். யாருக்கு முதலில் விடுப்பு, யாருக்கு நல்ல பயணம், யார் முதலில் கேப்டன்... எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் உள்ள எண்தான் தீர்மானிக்கும். ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவனுக்கு முந்தைய எண். முரளி என்னைவிடப் பதினோரு நாள் மூத்தவன். பட்டியலில் அவன் எண் இருபத்து மூன்று, என் எண் இருபத்து நான்கு.

பதினோரு நாள்! அவன் தாய்க்குச் சற்று முன்னதாக வலி கண்டது என்பதற்காக, காலமெல்லாம் நான் அவன் பின்னால் நிற்க வேண்டும். இந்த அற்ப எண்ணம் எனக்குள் எப்போது நுழைந்தது என்று தெரியவில்லை. நுழைந்தது போகவில்லை, அது மட்டும் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன், நிர்வாகத்துடன் எங்கள் விமானிகள் சங்கம் போட்டிருந்த ஒப்பந்தம் காலாவதியானது. பெங்களூர் தளத்தை மூடி எல்லோரையும் வடக்கே மாற்றப்போவதாக நிர்வாகம் சொன்னது. சங்கம் எதிர்த்தது, பேச்சுவார்த்தை தொடங்கியது. சங்கத்தின் சார்பில் பேச நான்கு பேர் கொண்ட குழு. நன்றாகப் பேசுவேன் என்பதால் துணை விமானிகளின் பிரதிநிதியாக என்னைப் போட்டார்கள். கையெழுத்தாகும்வரை உள்ளே பேசியது வெளியே போகாது என்று நால்வரும் சத்தியம் செய்தோம்.

அந்த மாதங்களில் விமானிகள் வாயில் ஒரே கேள்விதான். இருப்பதா, போவதா?

முரளிக்கு அது வெறும் வேலைக் கேள்வி இல்லை. அவன் மகளுக்கு அப்போது நான்கு வயது. காது கேட்காது. கருவி பொருத்தி, பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து ஒரே சொல்லை நூறு முறை சொல்ல வேண்டும். அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்பாள். பறக்காத நாளெல்லாம் முரளி அவள் எதிரேதான் உட்கார்ந்திருப்பான்.

வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்று அவனை அழைத்திருந்தது. ஒரு மாதம் அங்கே வேலை, இருபது நாள் வீடு. தளம் வடக்கே போய்விட்டால், மாதத்துக்கு ஆறு நாள்கூட மகளைப் பார்க்க முடியாது. அதற்கு அந்த வேலை மேல். பெங்களூரிலேயே தளம் இருந்துவிட்டால், அவன் எங்கும் போக வேண்டியதே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலை நிர்வாகம் இறங்கிவந்தது. பெங்களூர் தளம் நீடிக்கும்! குறிப்பேட்டில் அந்த வரியை எழுதியவன் நானேதான். அதே அமர்வில் இன்னொன்றும் முடிவானது. தீபாவளிக்கு முன் துணை விமானிகளில் ஒருவருக்குக் கேப்டன் பயிற்சி. ஒரே ஓர் இடம்! அந்த வரிசையில் அப்போது முதலில் நின்றவன் முரளி, அடுத்தவன் நான்.

வியாழக்கிழமை மதியம். விமான நிலையச் சாலையில் நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு தர்ஷினி ஓட்டல். வழக்கம்போல முரளி ஒரு காபியை வாங்கி இரண்டு டம்ளரில் 'பை டூ' போட்டுக்கொண்டு வந்தான்.

"கமிட்டி விஷயம் கேக்கக் கூடாதுன்னு தெரியும் மச்சி. ஆனா நாளைக்கு நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும். பெங்களூர் நிக்குமா, நிக்காதா? அது ஒண்ணு மட்டும் சொல்லு."

சத்தியம் செய்திருக்கிறேன், சொல்ல முடியாது என்றிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட, பத்து வருடப் பழக்கத்தில் அவன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"நிக்காதுடா. முடிஞ்சுபோச்சு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. பாப்பாவை நெனச்சுக்கோ... நல்ல ஆஃபர், விட்றாதே."

பாப்பாவை நினைத்துக்கொள் என்றேன்! காது கேளாத அந்தக் குழந்தையையும் இழுத்து என் பொய்க்குள் போட்டேன். சீ!

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "எனக்காக சத்தியத்தையே மீறிட்டியே குரு. இதை மறக்க மாட்டேன்." நான் என் பங்குக் காபியை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

மறுநாள் அவன் ராஜினாமா கொடுத்தான். பன்னிரண்டாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓசூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். எனக்கு மாலை போட்டார்கள். முரளியும் வந்தான். நான் என்ன சமாதானம் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, அவனே எடுத்துக்கொடுத்தான்: "கடைசி நேரத்துல மாறிட்டாங்கபோல. நீ என்ன பண்ணுவ, விடு."

இத்தோடு முடிந்ததென்று நினைக்கிறீர்களா? இன்னும் இருக்கிறது.

அவன் ராஜினாமாவைத் திரும்பப் பெற மனுக் கொடுத்தான். நிர்வாகம் சம்மதித்தது. ஆனால் பழைய எண்ணைக் கொடுப்பதா, கடைசி எண்ணைக் கொடுப்பதா என்பதைச் சங்கமே சொல்லட்டும் என்று எங்களிடம் தள்ளிவிட்டது. குழுத் தலைவர் நல்ல மனிதர். "பாவம்பா, கொழந்தைய வெச்சுக்கிட்டு அல்லாடுறான். நம்பரைக் குடுத்துடலாமே?" என்றார். மற்ற இருவரும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள்.

நான் எழுந்தேன். "அவன் என் ஃப்ரெண்டு சார். ஆனா எல்லாரும் சேர்ந்து நிக்கும்போது நடுவுல விட்டுட்டுப் போனவனுக்கு நம்பரைத் திருப்பிக் குடுத்தா, நாளைக்கு ஒத்துமைன்னு எந்த வாயால பேசுவோம்?"

ஒற்றுமை! அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை இன்று நினைத்தாலும் எழுந்துபோய் வாய் கொப்பளிக்கத் தோன்றுகிறது. நண்பன் என்றும் பாராமல் நியாயம் பேசுகிறான் என்று அவர்கள் வியந்தார்கள். 'ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதினோம். யார் என்ன பேசினார்கள் என்று அதில் இல்லை. கடைசி எண்ணில் மறுபடி தொடங்க மனமில்லாமல் முரளி வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டான்.

தீபாவளிக்கு முன் நான் பயிற்சிக்குப் போனேன். தோளில் நான்கு பட்டை வந்தது. அடுகோடியில் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தோம்.

வளைகுடாவில் முரளிக்குச் சொன்ன இருபது நாள் விடுப்பு முதலில் பத்தாயிற்று, பிறகு அதுவும் இல்லை. கைப்பேசியில் அவன் முகம் உறைந்து உறைந்து வருமாம். உதடு ஒருபக்கம், சத்தம் ஒருபக்கம். குழந்தை திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாளாம். முரளியின் மனைவி சுதா ஒருநாள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அப்பான்ற வார்த்தையே என் வாயைப் பாத்துத்தான்ணா கத்துக்கிட்டா." நான் அவள் வீட்டில் பலகாரம் தின்றுகொண்டிருந்தேன். தொடர்ந்து தின்றேன்...

இரண்டு வருடத்தில் அந்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. முரளி திரும்பி வந்தான். புதிதாய்ச் சேர்ந்த பையன்களுக்கும் கீழே, பட்டியலின் கடைசியில். இப்போது பல நாட்கள் என் வலப்பக்கத்து இருக்கையில் துணை விமானியாக உட்காருகிறான். சரிபார்ப்புப் பட்டியலை அவன் வரி வரியாகப் படிப்பான், நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எதிரில் என்னை 'சார்' என்கிறான். அந்தச் சொல்லைக் கேட்டால் உடம்பெல்லாம் கூசுகிறது. ஆனால் வேண்டாம் என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை.

ஏன் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவன் மனம் உடைந்துவிடுமென்றா? அதெல்லாம் இல்லை. என் பெயர் கெட்டுவிடும். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை!

போன மாதம் ஒப்பந்தம் மறுபடி காலாவதியானது. அதே மண்டபம், அதே கேள்வி. இளம் விமானிகள் இருப்பதா போவதா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். குழுவுக்குப் பெயர் கேட்டபோது முரளி எழுந்தான்.

"சாரைப் போடுங்க. ஏன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நம்பினவங்களுக்காக இவர் எதுவும் செய்வாரு. அது எனக்குத் தெரியும்."

யாரிடமும் சொல்லாதே என்றேனல்லவா? நான்கு வருடமாக அவன் சொல்லவில்லை. நான் மீறாத சத்தியத்தை மீறியதாக நம்பி, அந்த ரகசியத்தை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் இருந்தது. நான் எழுந்து நின்று கைகூப்பினேன். கூட்டம் முடிந்ததும் முரளி பை டூ காபி வாங்கிவந்து, அதிகம் இருந்த டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

நாளை மறுநாள் முதல் அமர்வு. இன்று காலை சீனியாரிட்டி பட்டியலை எடுத்து, எனக்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஒன்பது பேர்.