பலகையில் விட்ட இடம்

சிதம்பரத்தில் என் வீட்டுமனை வழக்கை நடத்திய வக்கீல், பெயர்ப்பலகையில் தன் பெயருக்குக் கீழே மகனுக்காக ஒரு வரி இடம் விட்டிருந்தார். மகனோ கம்ப்யூட்டர் படித்துவிட்டு சிங்கப்பூர் போய்விட்டார். 2009-ல் வக்கீல் திடீரென்று இறந்தார். காரியம் முடிந்ததும் மகன் ஆபீசைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். எங்கள் வழக்குகளை இனி யார் பார்ப்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடலூர் கோர்ட்டில் அப்பீல் வாய்தா வந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். வக்கீல் இல்லாமல் நானே பதில் சொல்லலாமா என்று தெரியாமல் வாய்மூடி நின்றேன். வழக்கு தள்ளுபடியாகப் போகிற நேரத்தில் ஒரு பெண் வக்கீல் எழுந்து, என் வக்கீல் இறந்ததைச் சொல்லி வாய்தா வாங்கித் தந்தார். பார்த்தால், முன்பு அவரிடமே ஜூனியராக இருந்த அம்மா!

வெளியே வந்ததும் கேட்டேன். "உங்ககிட்ட ஏம்மா அவரு ஆபீச ஒப்படைக்கல?"

"அந்தக் காலி எடத்துல என் பேரப் போடுங்க சார்னு கேட்டேன். நீ பொம்பளப் புள்ள, கல்யாணமானா தொழில வுட்டுட்டுப் போயிடுவன்னாரு. நான் இன்னும் கோர்ட்டுலதாண்ணே நிக்கிறேன். போனது அவரு புள்ள."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறந்தவரைத் திட்டக் கூடாது என்கிறாள் என் மனைவி. ஆனால் பூட்டிக் கிடக்கும் அந்த ஆபீஸ் வழியே போகும்போதெல்லாம் பலகையில் அந்தக் காலி இடம் கண்ணில் படுகிறது. நாலு பேர் மத்தியில் வாய் திறக்காத நான், அங்கே மட்டும் சத்தமாகவே திட்டிவிட்டு நடக்கிறேன்.