ஆறு அங்குலப் படி

தில்லித் தமிழர்களைப் போல ஏமாறத் தயாராக இருக்கும் கூட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் நிற்பவன் நான்தான். வண்டிக்காரனிடம் ஒரு கட்டு பாலக் கீரை வாங்கினால் கட்டைப் பிரித்து, புரட்டி, இரண்டு இலையைக் கிள்ளிப் பார்த்துத்தான் வாங்குவோம். அதே தெருவில் ஒருவன் தமிழில் "வணக்கம் சார்" என்றால் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவோம்.

ஜனக்புரியில் முதல் மாடியில் எங்கள் வீடு. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு அவள் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"பாத்ரூமுக்கு நான் தனியாப் போயி தனியா வரணும். ஒருத்தர் கையப் பிடிச்சிக்கிட்டு உள்ள நிக்க என்னால ஆகாது."

அவளுடைய அம்மா கடைசி இரண்டு வருடம் அப்படி நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் நான் உடனே ஒப்புக்கொண்டேன். எங்கள் பாத்ரூமில் இருந்தது குந்தி உட்காரும் பழைய இண்டியன் டாய்லெட். அதை எடுத்துவிட்டு எதிர்ச் சுவரோரம் வெஸ்டர்ன் வைக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வாசலில் படியே இருக்கக் கூடாது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டே காட்டினார்.

கீழ் வீட்டில் தனியாக இருக்கும் பஞ்சாபி அம்மாள், தன் பாத்ரூமைக் கட்டிய மிஸ்திரியை மேலே அனுப்பிவைத்தார். மிஸ்திரி வந்து பத்து நிமிடம் தரையைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார், நூல் பிடித்தார். பிறகு, "தளத்த உடைக்கணும் அங்கிள்ஜி" என்று ஹிந்தியில் சொன்னார். குழாயைத் தளத்துக்குக் கீழே, அதாவது கீழ் வீட்டுக் கூரையை ஒட்டிக் கொண்டுபோக வேண்டுமாம், பன்னிரண்டு நாள் ஆகுமாம். உடைக்காமல் செய்தால் தண்ணீர் ஓட வாட்டம் கிடைக்காது, தரையை உயர்த்த வேண்டிவரும், வாசலில் படி வந்துவிடும். கீழ் வீட்டு அம்மாள் தன் கூரையைத் திறக்கச் சம்மதம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். என் பாத்ரூமைப் பார், மழைக்காலம் மூன்று போய்விட்டது, ஒரு சொட்டு ஓதம் உண்டா என்று என்னைக் கூப்பிடவும் செய்தார்.

நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த மிஸ்திரி செருப்போடு என் ஹாலுக்குள் வந்துவிட்டார். 'ஆப்' என்று மரியாதையாகப் பேசாமல் 'தும்' என்று பேசினார். வாயில் வேறு எதையோ அதக்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு போதாதா எனக்கு? அமைச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன் நான். ஒரு டஜன் துடைப்பம் வாங்குவதற்கு மூன்று பேரிடம் விலை கேட்டு, இதற்குமுன் எங்கே கொடுத்தாய் என்று சான்றிதழ் கேட்டு, குறிப்பு எழுதி மேலே அனுப்பியவன். அந்த மூளையை ஓய்வு பெற்ற அன்றே மேஜை இழுப்பறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் முருகன் கோயிலில், பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் திரும்பி, "அண்ணாச்சிக்கு திருநவேலிப் பக்கமா?" என்றான். நெற்றி நிறையத் திருநீறு, மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. வீட்டு வேலை எல்லாம் எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டராம். எந்த ஊர், எந்தத் தெரு, அங்கே இன்னார் உமக்கு என்ன முறை என்று கால் மணி நேரம் விசாரித்தேன். அவனுடைய சித்தப்பாவும் நானும் ஒரே பள்ளிக்கூடம் என்று தெரிந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, வெட்கக்கேடு. அவன் கட்டிய ஒரு பாத்ரூமையாவது காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கேட்டால் அவன் மனசு கஷ்டப்படும் என்று வேறு நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தான், செருப்பை வாசலிலேயே விட்டான், பாத்ரூமை எட்டிப் பார்த்தான். "தளத்த எதுக்கு அண்ணாச்சி உடைக்கணும்? அஞ்சே நாளு. அக்கா ஆஸ்பத்திரியில இருந்து வாரதுக்குள்ள முடிச்சிருதேன். எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்." என் மனைவி உள்ளேயிருந்து, "படி வராதுல்லா?" என்று கேட்டாள். "வரவே வராதுக்கா" என்றான்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் வேலை தொடங்கியது. மூன்றாம் நாள் மாலை நான் வீட்டுக்கு வந்து பார்த்தால், பாத்ரூம் வாசலில் படி நிற்கிறது. அளந்தேன், சரியாக ஆறு அங்குலம். கேட்டதற்கு, "ஆறு அங்குலம்தான அண்ணாச்சி, அக்கா ஒரு எட்டு வச்சா ஏறிரலாம். வேணும்னா ஒரு பலகை போட்டுத் தாரேன்" என்றான். சொல்லிக்கொண்டே, அக்காவுக்கென்று கோயிலில் அர்ச்சனை செய்த திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தான். அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். நான் திருநீற்றைப் பூசிக்கொண்டு, டைல்ஸ் நிறம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் மாடிக்குத் தூக்கிவந்தார்கள். வந்ததும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நேராக பாத்ரூமுக்குத்தான் போனாள். வாக்கரின் முன்கால்கள் படியில் முட்டி நின்றன. பலகையைப் போட்டேன், அது வழுக்கியது. நான் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"என்னக் கீழ கொண்டு போங்க" என்றாள்.

கீழ் வீட்டு அம்மாள் ஒரு கேள்வி கேட்காமல் தன் கட்டிலைக் கொடுத்தார். அங்கே பாத்ரூம் வாசல் சமதளம், உள்ளே ஊற்றிய தண்ணீர் சொன்ன பேச்சு கேட்டு மூலைக்கு ஓடியது. என் மனைவி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் அந்நியர் வீட்டு ஹாலில் அவள் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் கீழே போன நான்காம் நாள், காண்ட்ராக்டர் அக்காவைப் பார்க்கப் பிரசாதத்தோடு வந்தான். காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தான். "கால்ல தையல் இருக்கு, தள்ளி நில்லுங்க" என்றாள் அவள். பிறகு என்னிடம், "இவர மேல கூட்டிட்டுப் போயி என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். படி ஏறும்போதே என்னென்ன கேட்பது என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவன் பாத்ரூமைப் பெருமையோடு சுற்றிப் பார்த்துவிட்டு, சித்தப்பா என்னை விசாரித்ததாகச் சொன்னான். நான் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். லிஃப்ட் இல்லாத வீட்டில் நீங்கள் எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ என்று அனுதாபப்பட்டுக்கொண்டே குடித்தான்.

அவனை அனுப்பிவிட்டுக் கீழே வந்தேன். என்ன கேட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கீழ் வீட்டு அம்மாளின் போனில், தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். "ஹான் பையா, ஸப் தோடோ" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். எல்லாவற்றையும் உடைக்கச் சொல்கிறாள் என்று புரிந்தது.

"அந்த மிஸ்திரி நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு வாராரு" என்றாள். "பன்னெண்டு நாளும் நீங்க அந்த நேரத்துல வீட்டுல இருக்காதீங்க."

மறுநாள் ஒன்பது மணிக்கே நான் பூங்காவுக்குப் போய்விட்டேன்.